கல்யாணத்துக்கு முன்னால் ஒரு ஓட்டு

தேர்தலுக்கும் கல்யாணத்துக்கும் சேர்த்து ஒரே கேக்காகச் சுட்டுவிடுவது என்று ஜெருஷா லிண்ட்ஸ்லி முடிவு செய்தது சிக்கனத்துக்காக அல்ல. அடுப்பங்கரையில் பாத்திரமே மிச்சமில்லை. ஒரே ஒரு இரும்புச் சட்டியைத் தவிர மற்றவையெல்லாம் வாசலில் நின்ற கூண்டு வண்டிக்குள் வைக்கோல் சுற்றிக்கொண்டு படுத்திருந்தன. எப்படியும் மில்ப்ரூக்கில் இரண்டுக்கும் ஒரே பக்குவம்தான். புளித்த மாவு, உலர்ந்த திராட்சை, கொஞ்சம் ஜாதிக்காய், தாராளமாகப் பிராந்தி. ஓட்டுப் போட வந்தவனும் கல்யாணத்துக்கு வந்தவனும் அதையேதான் தின்பான், அதையேதான் குறை சொல்வான்.

காலையில் ஓட்டு, மத்தியானம் கல்யாணம், மறுநாள் விடிந்ததும் ஓஹியோவுக்குப் பயணம். இந்த வரிசையைப் போட்டவள் ஜெருஷாதான். இதில் ஒன்று முன்பின் ஆனாலும் காரியம் கெட்டது. நியூ ஜெர்சியில் அந்தக் காலத்தில் கொஞ்சம் சொத்து உள்ள விதவை ஓட்டுப் போடலாம், கல்யாணமாகாதவளும் போடலாம், புருஷன் உள்ளவள் மட்டும் போட முடியாது. புருஷன் உள்ளவளுக்குச் சொத்து ஏது? காலில் கிடக்கும் செருப்பு முதற்கொண்டு அவனுடையது. சட்டம் அப்படி. சரி, ஓஹியோவுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றால், அந்த 1803-ஆம் வருடம்தான் மாநிலமாகப் பிறந்திருந்த ஓஹியோவில் எந்தப் பெண்ணுக்கும் ஓட்டு கிடையாது. ஆக, இன்றைக்குப் போடுவதுதான் அவள் ஆயுளில் கடைசி ஓட்டு.

"ஓட்டு முதல்ல, போதகர் அப்புறம்" என்று ஆப்னர் டட்டிலிடம் அவள் முதலிலேயே சொல்லிவிட்டாள். ஆப்னர் தலையாட்டினான். அவன் தலையாட்டினாலே பெரிய பேச்சு பேசியதாக அர்த்தம்.

ஆப்னர் வண்டி செய்கிற தச்சன். நாற்பத்து நாலு வயது, தோளெல்லாம் மரத்தூள், வாயில் வார்த்தை பஞ்சம். விடியற்காலையில் அவள் "மழை வருமாய்யா?" என்று கேட்டிருந்தாள். கேக்கைத் துணியில் சுற்றி முடிச்சுப் போடும்போது அவன் வாசலில் வந்து நின்று, "வராது" என்றான்.

"எது வராது?"

"மழை."

"அதைக் கேட்டு அரை நாளாச்சு. நான் வேற ஆளைக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்."

அவளைப் பெண் கேட்கவே அவனுக்கு இரண்டு குளிர்காலம் ஆயிற்று. அதுவரை அவளுடைய வண்டிச் சக்கரத்தைச் சரிபார்க்க வருவதும் போவதுமாக இருந்தான். சக்கரத்துக்கு ஒரு குறையும் இல்லை. கடைசியில் ஜெருஷாவே பொறுமை இழந்து, "நல்லா ஓடுற சக்கரத்தை எத்தனை தடவைய்யா சரி பண்ணுவே? சொல்ல வந்ததைச் சொல்லித் தொலையேன்" என்றாள். அவன் காது சிவந்துபோய் சுத்தியலைக் கீழே வைத்தான், தொப்பியைக் கழற்றினான், மறுபடி போட்டுக்கொண்டான், சொல்லிவிட்டான். அந்த நேரத்தில் அவளுக்கு இந்த மனிதன்மேல் வந்த அன்பு இருக்கிறதே, அது முப்பத்தொன்பது வயதில் வரக்கூடாத அளவுக்கு இருந்தது.

வீட்டைப் பூட்டும் வேலை இல்லை. நிலமும் வீடும் விற்றாயிற்று. கோவிலில் அவளுக்கென்று இருந்த பெஞ்சையும் மில்காரக் குடும்பத்துக்கு விற்றுவிட்டாள். அந்த ஊர்க் கோவிலில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொந்தப் பெஞ்சு உண்டு, கதவு வைத்துச் சாத்திக்கொள்ளலாம். பெஞ்சை விற்றவள் அடுத்த ஞாயிறு எங்கே உட்காருவது என்று யோசிக்கவில்லை. போன ஞாயிறு போனபோது மில்காரரும் அவர் பிள்ளைகளும் பெஞ்சு வழிய உட்கார்ந்திருந்தார்கள். ஜெருஷா நடைபாதையில் தனியாக நின்றாள். ஊரே திரும்பிப் பார்த்தது. அப்போது ஆப்னர் ஒன்றும் சொல்லாமல் தன் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தான். அவள் போய் அங்கே உட்கார்ந்தாள். அது எவ்வளவு பெரிய தப்பு என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

வண்டி கிளம்பியது. பின்னால் கட்டியிருந்த பசு இஷ்டமில்லாமல் நடந்தது. ஜெருஷா மடியில் கேக்கோடு, தேர்தலன்று மட்டும் போடும் சாம்பல் நிற மேலங்கியில் உட்கார்ந்திருந்தாள்.

"உங்க ஜெஃபர்சன் பண்ணின வியாபாரத்தைப் பத்தித்தான் ஊரே பேசுது" என்று ஆரம்பித்தாள். ஆப்னர் ஜனாதிபதி ஜெஃபர்சனின் கட்சி. அவள் அதற்கு எதிரான ஃபெடரலிஸ்ட் கட்சி. ஃபெடரலிஸ்டுகள் ரொம்ப நல்லவர்கள் என்பதால் இல்லை, மற்றவர்கள் ரொம்பச் சத்தம் போடுகிறார்கள் என்பதால். "கண்ணால பார்க்காத காட்டை பிரான்ஸ்காரன்கிட்ட வாங்கிப் போட்டிருக்காராம். எல்லை எங்கேன்னு வித்தவனுக்கும் தெரியாது, வாங்கினவனுக்கும் தெரியாது. சந்தையில மாடு வாங்குறவன்கூடப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கிறான்."

"நாடு பெருசாகுது" என்றான் ஆப்னர்.

"யார் இடத்துல பெருசாகுது?"

அவள் பையிலிருந்து ஒரு கல்லை எடுத்தாள். பழங்குடிகளின் அம்பு முனை. அவள் நிலத்தில் உழும்போதெல்லாம் இப்படி ஏதாவது தட்டுப்படும். நிலத்தை விற்றபோது இது ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டாள்.

"இதைச் செஞ்சவங்களை என் தாத்தா காலத்துல மேற்கே போங்கன்னு சொன்னாங்க. போனாங்க. ஓஹியோவுக்குத்தான் போனாங்க. இப்ப நாமளும் அங்கேயே போய், இன்னும் கொஞ்சம் தள்ளிப் போங்கன்னு சொல்லப் போறோம். நான் உன்கூட வர்றேன்யா, வரலைன்னு சொல்லலை. ஆனா இதை மறந்துட்டு வர முடியாது."

ஆப்னர் குதிரைகளின் காதுகளைப் பார்த்துக்கொண்டே ஓட்டினான். ஓடைப் பாலத்தைத் தாண்டி வெகுதூரம் போன பிறகு, "எனக்கும் அது உறுத்தத்தான் செய்யுது" என்றான். அந்தப் பதிலில் தீர்வு ஒன்றும் இல்லை. ஆனாலும் அவன் அதை இவ்வளவு தூரம் சுமந்துகொண்டு வந்து சொன்னது அவளுக்குப் போதுமாக இருந்தது.

ஓட்டுச்சாவடி பிராக்ஸ்டன் விடுதியில். முன்கூடத்து மேஜைகளை ஒதுக்கி, மரப்பெட்டி ஒன்றை நடுவில் வைத்து, அதன் பின்னால் முதிய லூமிஸ் உட்கார்ந்திருந்தார். தேர்தலுக்கு அவர்தான் நீதிபதி. நேர்மையான மனிதர், ஆனால் சாப்பாட்டு நேரம் தள்ளிப்போனால் நேர்மையும் சற்றுத் தளரும். பக்கத்தில் எழுத்தர் ஒருவன் பேரைக் கூப்பிட, கூப்பிடப்பட்டவர் வந்து சீட்டைக் கொடுக்க வேண்டும். கூடத்தில் ஆப்பிள் மதுவின் வாசனையும், ஈரக் கம்பளி வாசனையும், எல்லோரும் ஒரே சமயத்தில் பேசும் இரைச்சலும்.

ஜெருஷா வாசலில் ஒரு நிமிடம் நின்றாள். எட்டு வருடத்துக்கு முன் முதல்முறை இங்கே வந்தது ஞாபகம் வந்தது. முதல் புருஷன் லெமுவேல் கெட்டவன் இல்லை. அடித்ததில்லை, திட்டியதில்லை. ஆனால் அவனோடு வாழ்ந்த காலம் முழுக்க கடையிலும் கோவிலிலும் அவள் 'லெமுவேல் வீட்டுக்காரி'. அவன் காய்ச்சலில் இறந்த வருடம், சொத்து அவள் பேருக்கு வந்ததால் ஓட்டும் வந்தது. இதே கூடத்தில் எழுத்தர், "ஜெருஷா லிண்ட்ஸ்லி!" என்று உரக்கக் கூப்பிட்டான். அவள் அப்படியே நின்றாள். அவளுடைய பேரை ஊர் நடுவில், தனியாக, இன்னார் வீட்டுக்காரி என்று இல்லாமல் யாரும் அதுவரை சொன்னதில்லை. அன்றைக்கு வீட்டுக்கு நடந்து போகும்போது அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை. அதற்கப்புறம் ஒரு அக்டோபர்கூட அவள் தவறவிட்டதில்லை.

"வாங்கம்மா, வாங்க! கேக் வந்தாச்சு, இனிமே குடியரசுக்குக் கவலை இல்ல!" என்று வரவேற்றார் கேப்டன் ஹால்ஸ்டெட். பெரிய உடம்பு, பெரிய குரல். நாளைக்கு ஓஹியோ கிளம்பும் வண்டிகளுக்கெல்லாம் அவர்தான் தலைவர். ஊரில் ஜெஃபர்சன் கட்சிக்கும் அவர்தான் தூண். கடைசியாக ஒரு தேர்தலை ஜெயித்துவிட்டுத்தான் ஊரை விட்டுப் போவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். போன வருடம் அவர் கட்சி விரல்விட்டு எண்ணக்கூடிய வித்தியாசத்தில் தோற்றிருந்தது. அந்தத் தோல்வி அவருக்குப் பல்லில் சிக்கிய நார் மாதிரி உறுத்திக்கொண்டிருந்தது.

எழுத்தர் முதலில் ஆப்னரைக் கூப்பிட்டான். ஆப்னர் போட்டான். கேப்டன் அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

"ஜெருஷா லிண்ட்ஸ்லி!"

அவள் சீட்டை எடுத்துக்கொண்டு முன்னால் போனாள்.

"ஒரு நிமிஷம்" என்றார் கேப்டன். வாயில் இன்னும் கேக் இருந்தது. "எனக்கு ஆட்சேபணை இருக்குங்க. இந்த அம்மா மேல எனக்கு மரியாதை உண்டு. அவங்க கேக்கைத் தின்னுட்டுத்தான் பேசுறேன், நன்றி கெட்டவன் இல்ல. ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்கே. புருஷன் இருக்கிறவங்களுக்கு ஓட்டு இல்ல."

"எனக்கு இன்னும் கல்யாணம் ஆகலை கேப்டன். மத்தியானம்தான் ஆகுது. நீங்களும் வர்றதாத்தானே சொன்னீங்க?"

கூடம் சிரித்தது. கேப்டனும் சேர்ந்து சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு விரலை மடக்க ஆரம்பித்தார். "கோவில்ல மூணு வாரமும் இவங்க கல்யாண ஓலை வாசிச்சாச்சு. இவங்க கட்டிலும் ராட்டையும் ஆப்னர் வண்டியில ஏறியாச்சு. மாடு அவன் வண்டிக்குப் பின்னாடி நிக்குது. சரி, அதெல்லாம்கூட விடுங்க. போன ஞாயித்துக்கிழமை இந்த அம்மா யார் பெஞ்சுல உக்காந்தாங்க?"

சிரிப்பு நின்றுவிட்டது. மில்ப்ரூக்கில் ஒருத்தி ஒருவனுடைய பெஞ்சில் உட்கார்ந்தால் அவள் அவனுக்குத் தாய், அல்லது கூடப் பிறந்தவள், அல்லது மகள், அல்லது மனைவி. வேறு வகை கிடையாது. ஆப்னருக்குத் தாயும் இல்லை, கூடப் பிறந்தவளும் இல்லை. மகளாக இருக்க ஜெருஷாவுக்கு வயசு மீறிவிட்டது.

அவளுக்கு முகம் சுட்டது. "என் பெஞ்சை வித்துட்டேன். நின்னுக்கிட்டே ஜெபம் பண்ணச் சொல்றீங்களா?"

"வேற யார் பெஞ்சுலயாவது உக்காந்திருக்கலாமே."

லூமிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பெஞ்சு விஷயம் யோசிக்க வேண்டியதுதான்."

"யோசிக்கிறதுக்கு என்னங்க இருக்கு? நான் சொல்றேனே, நான் இவருக்குப் பொண்டாட்டி இல்ல!"

"அதுலதாம்மா சிக்கல்" என்றார் லூமிஸ் வருத்தத்தோடு. "நீ பொண்டாட்டியா இருந்தா உன் பேச்சு இங்கே செல்லாது. இல்லன்னா செல்லும். எதுன்னே தெரியாம உன்னை எப்படிக் கேக்குறது? ஆப்னரைக் கேட்டுட்டாத் தீர்ந்துச்சு."

அவள் யாருக்கும் மனைவி இல்லை என்பதைச் சொல்லவும் ஒரு ஆண்தான் வர வேண்டியிருந்தது. எரிச்சலில் ஜெருஷாவுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. அதை யாருக்கும் காட்டவில்லை.

கேப்டன் ஆப்னரின் தோளில் கை போட்டு ஓரமாக இழுத்தார். ரகசியம் பேசுவதாக அவருக்கு நினைப்பு. அவர் ரகசியம் குதிரை லாயம் வரைக்கும் கேட்கும்.

"ஒரே வார்த்தைடா ஆப்னர். 'ஆமாம்'னு சொல்லு. சாயந்தரம் எப்படியும் ஆமாம்தானே? நடுவுல ஒரு மத்தியானச் சாப்பாடு, அவ்வளவுதான் வித்தியாசம். நம்ம கட்சி ஜெயிக்க வேண்டாமா? அப்புறம் இன்னொண்ணு. நாளைக்கு என் வண்டிகளோடதானே வர்றே? வழியில குறுக்கே வர்ற மலையில தனியா யாரும் போறதில்ல. என்னை எதிர்த்து நிக்கிறவனை நான் கூட்டிட்டுப் போறதும் இல்ல."

ஜெருஷா ஆப்னரின் முகத்தைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆமாம் என்று சொன்னால் அவனுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. கேப்டனின் தயவு கிடைக்கும், கட்சி ஜெயிக்கும், ஓஹியோ கிடைக்கும். அவள் பாவாடை மடிப்பில் தைத்து வைத்திருக்கும் நிலம் விற்ற பணம்கூட அந்த நிமிடமே அவனுடையதாகிவிடும். அவன் ஆமாம் என்று சொன்னால் அவள் அழப்போவதில்லை. வெளியே போய் வண்டியிலிருந்து கட்டிலை இறக்கிவிடுவாள். அவ்வளவுதான். அப்புறம்? இந்த மனிதன் இல்லாத வீட்டுக்கு, அதுவும் விற்றுவிட்ட வீட்டுக்கு, எந்த முகத்தோடு திரும்புவது?

அதைவிட மோசம் அவனுடைய மௌனம். மழை வருமா என்று கேட்டால் மழை நின்றபிறகு பதில் சொல்கிறவன். அவன் வாய் திறப்பதற்குள் கேப்டன் அவனுக்காகப் பேசி முடித்துவிடுவார். சீட்டு அவள் உள்ளங்கையில் வியர்வையில் நனைந்துகொண்டிருந்தது.

லூமிஸ் வேதப்புத்தகத்தை நீட்டினார். ஆப்னர் அதன்மேல் கை வைத்தான். நகக்கண்ணில் வண்டி மை.

"ஆப்னர் டட்டில், கடவுள் சாட்சியா சொல்லு. இங்கே நிக்கிற ஜெருஷா லிண்ட்ஸ்லி உன்னோட..."

"இல்லைங்க" என்றான் ஆப்னர்.

லூமிஸ் நிமிர்ந்து பார்த்தார். "நான் இன்னும் கேக்கவே இல்லையேப்பா."

"கேளுங்க. இல்லைங்க."

யாரோ சிரித்தார்கள். கேப்டனின் கழுத்து சிவந்தது. "அவசரப்படாதடா! யோசிச்சுச் சொல்லு!"

"யோசிச்சாச்சு." ஆப்னரின் குரல் நடுங்கவில்லை. அந்த ஊரில் யாரும் அவன் அவ்வளவு சத்தமாகப் பேசிக் கேட்டதில்லை. "இவங்க எனக்குப் பொண்டாட்டி இல்ல. எனக்கும் இவங்களுக்கும் எந்த உறவும் இல்ல. உக்கார இடம் இல்லாம நின்னாங்க, நகர்ந்து உக்காந்தேன். யார் நின்னாலும் நகர்ந்திருப்பேன். எழுதிக்குங்க."

எழுத்தர் இறகுப் பேனாவை மையில் தோய்த்தான். பிறகு பின்வரிசையில் எவனோ ஒருவன் சேவல் மாதிரி நீளமாகக் கூவினான். பேதுரு தன் ஆண்டவரைத் தெரியாது தெரியாது என்று மூன்று முறை சொன்னதும் சேவல் கூவிய கதையை அறியாதவர் அந்த ஊரில் இல்லை. விடுதியே அதிர்ந்தது. லூமிஸ்கூடக் கண்ணாடியை மறுபடி கழற்ற வேண்டியதாயிற்று.

ஜெருஷாவும் சிரித்தாள். ஆனால் 'எந்த உறவும் இல்ல' என்ற சொல் நெஞ்சில் ஒரு முள்ளாகக் குத்தத்தான் செய்தது. தனக்காகத்தான் சொல்கிறான் என்று தெரியும். தெரிந்தும் குத்தியது. அதே சமயம், இவனைவிட நெருக்கமான உறவு இந்த உலகத்தில் தனக்கு யாரும் இல்லை என்பதும் அந்த நிமிடத்தில்தான் முழுசாக விளங்கியது.

அவள் சீட்டைக் கொடுத்தாள். லூமிஸ் அதைப் பெட்டிக்குள் போட்டார்.

"ஆப்னர் ஓட்டும் உன் ஓட்டும் ஒண்ணுக்கொண்ணு கழிஞ்சு போச்சும்மா" என்றார். "ரெண்டு பேரும் வீட்டிலேயே இருந்திருக்கலாம்."

"வீட்டில இருந்தா உங்களுக்குக் கேக் யாருங்க கொண்டுவருவா?"

அந்தப் பெட்டியில் பெண்கள் சீட்டு விழுந்ததெல்லாம் இன்னும் நாலு வருடத்துக்குத்தான். அப்புறம் சட்டசபையில் கூடிய ஆண்கள், பெண்களுக்கும் கறுப்பினத்தாருக்கும் ஓட்டு இல்லை என்று ஒரே சட்டத்தில் துடைத்துவிட்டார்கள். நாட்டுக்கு நிலம் விரிய விரிய, சிலருக்குக் கால் வைக்க இருந்த இடமும் சுருங்கியது. அன்றைக்கு அது ஜெருஷாவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அன்றைய சீட்டை அவள் போட்டிருப்பாள்.

கேப்டன் அவர்களுக்குப் பின்னாலேயே வெளியே வந்தார். கோபத்தைவிட அவமானம்தான் அதிகம் தெரிந்தது.

"உன் இடத்தை வேற ஆளுக்குக் குடுத்துடுறேன் ஆப்னர். தப்பா நினைச்சுக்காதே. அம்மா, கேக் நல்லா இருந்துச்சு."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். ஆப்னர் கொஞ்ச நேரம் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மாட்டின் கயிற்றைச் சரிபார்த்தான், கடையாணியைத் தட்டிப் பார்த்தான், ஏறி உட்கார்ந்தான். ஜெருஷாவும் ஏறிக்கொண்டாள். வண்டி நகரவில்லை.

"போச்சா உன் ஓஹியோ?" என்று மெதுவாகக் கேட்டாள். "என்னாலதான்."

அவன் கொஞ்சம் யோசித்தான். "கேப்டன் வண்டியில இடது பின்சக்கரத்துல ரெண்டு ஆரக்கால் ஆடுது."

"அவருகிட்ட சொல்லலையா?"

"போன வாரமே சொன்னேன். தேர்தல் முடியட்டும்னாரு."

ஜெருஷா அவனைப் பார்த்தாள். அவன் முகத்தில் சிரிப்பு ஒன்றும் இல்லை, ஆனால் காது லேசாகச் சிவந்திருந்தது.

"அவங்க கூடப் போகாட்டி என்ன? அவங்க பின்னாடி போவோம்" என்றாள். "பாதை அவரு வாங்கினது இல்லையே. மலை அடிவாரத்துல சக்கரம் முறிஞ்சு நிப்பாரு பாரு, அப்ப உன்னை அண்ணனேன்னு கூப்பிடுவாரு."

"சரி பண்ணிக் குடுப்பேன்" என்றான் ஆப்னர்.

"பண்ணிக் குடுப்பே. எனக்குத் தெரியாதா?"

அவன் இன்னும் கடிவாளத்தை எடுக்கவில்லை. ஏதோ சொல்ல வருகிறான் என்று அவளுக்குப் புரிந்தது. காத்திருந்தாள். பசு விடுதிக்காரரின் வேலியோரத்துப் புல்லைப் பாதி காலி செய்துவிட்டது.

"ஜெருஷா. வேணும்னா... நாம போகாம இருந்துடலாம். கல்யாணமும் இப்ப வேண்டாம். அடுத்த அக்டோபர்லயும் தேர்தல் வரும். நீ வந்து போடலாம். அதுக்கு அடுத்த வருஷமும்."

"என்னய்யா உளறுறே? அப்ப கல்யாணம்?"

"நான் இருக்கேன். எங்கே போயிடப் போறேன்? சக்கரம் பார்க்க வருவேன்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாகப் பொங்கியது. "பல்லு போனப்புறம் பண்ணிக்கலாங்கிறியா?"

"நீ முதல் தடவை ஓட்டுப் போட வந்தியே, அன்னைக்கு நான் அடுப்புப் பக்கம் நின்னுக்கிட்டிருந்தேன்" என்றான் அவன். இவ்வளவு நீளமாக அவன் பேசி அவள் கேட்டதே இல்லை. "உன் பேரைக் கூப்பிட்டாங்க. நீ பின்னாடி திரும்பிப் பார்த்தே. வேற யாரையோ கூப்பிடுறாங்கன்னு நினைச்சு. அப்புறம், கூப்பிட்டது உன்னைத்தான்னு தெரிஞ்சதும் உன் முகம் மாறிச்சு. விளக்கைத் தூண்டிவிட்ட மாதிரி. எனக்கு அன்னைக்கே உன்மேல மனசு போயிடுச்சு. இன்னைக்கு அந்தாளு 'ஆமாம்'னு சொல்லச் சொன்னாரு. சொன்னா, நான் எந்த முகத்தைப் பார்த்து ஆசைப்பட்டேனோ அதையே அணைக்கிற மாதிரி. அது எப்படி முடியும்?"

ஜெருஷா மனசுக்குள் கணக்குப் போட்டாள். எட்டு வருடம். இந்த மனிதன் எட்டு வருடமாக அதை வைத்துக்கொண்டு சக்கரம் தட்டியிருக்கிறான். தான் திரும்பிப் பார்த்தது ஊரில் ஒருவருக்கும் தெரியாது என்றே அவள் நினைத்திருந்தாள்.

அவள் அவனுடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பட்டப்பகலில், விடுதி வாசலில், ஊர் பார்க்க. இன்னும் எந்த உறவும் இல்லாத ஆணின் கை.

"ஓட்டை விட்டுட்டுப் போறது எனக்குக் கஷ்டம்தான்யா" என்றாள். "கஷ்டம் இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா உன்னை விட்டுட்டு இருக்கிறது அதைவிடக் கஷ்டம். ரெண்டும் வேணும்னு கேட்டா சட்டம் குடுக்காது. எதை விடுறதுன்னு என்னையே முடிவு பண்ண விட்டே பாரு, அது போதும் எனக்கு. ஓட்டு."

"எதை?"

"வண்டியைத்தான்யா! போதகர் வீட்டுக்கு ஓட்டு. அவரு சாப்பிட்டுட்டுத் தூங்கிடப் போறாரு."

வழியில் அவள் ஒரு நிபந்தனை போட்டாள். ஓஹியோவில் போடும் வீட்டில் எந்தக் காரியமானாலும் இரண்டு பேரும் ஓட்டுப் போட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆப்னர் ஒரு திருப்பம் வரை யோசித்துவிட்டு, "ரெண்டு பேருன்னா சரிசமமா நின்னுடுமே" என்றான். "அப்ப மாட்டைக் கேட்போம். அது நியாயமான மாடு" என்றாள் அவள்.

போதகர் தூங்கியிருக்கவில்லை. ஆனால் தூங்கும் எண்ணத்தில் இருந்தார் என்பது அவருடைய கலைந்த கழுத்துப்பட்டையில் தெரிந்தது. அவர் மனைவியும் வேலைக்காரியும் சாட்சிக்கு வந்து நின்றார்கள். மிச்சமிருந்த கேக் ஜன்னல் விளிம்பில் இருந்தது. திறந்த ஜன்னல் வழியாகக் குதிரைகள் தலையை ஆட்டிக்கொண்டு நிற்பது தெரிந்தது.

முதலில் ஆப்னரைக் கேட்டார். ஆப்னர் பழைய ஆப்னராகிவிட்டிருந்தான். பதில் வர அவ்வளவு நேரம் எடுத்தது. போதகர் மனைவி கவலையோடு புருஷனைப் பார்த்தாள். ஜெருஷா கவலைப்படவில்லை. விடுதியில் அவன் எவ்வளவு வேகமாகப் பேசினான் என்று அவளுக்குத் தெரியும். இப்போது அவன் எவ்வளவு வேண்டுமானாலும் நேரம் எடுத்துக்கொள்ளட்டும். கடைசியில் "சம்மதம்" என்றான்.

போதகர் அவள் பக்கம் திரும்பினார். இனிமேல் அவள் திருமதி ஆப்னர் டட்டில். வரிக்காரன் அவளைக் கேட்க மாட்டான், நீதிபதி கேட்க மாட்டார், எந்தப் பெட்டியின் முன்னாலும் யாரும் அவளைக் கூப்பிட மாட்டார்கள். நாலு பேர் முன்னால் அவள் சம்மதத்தைக் கேட்கும் கடைசிக் கேள்வி இதுதான்.

"ஜெருஷா லிண்ட்ஸ்லி!" என்று போதகர் உரக்கக் கூப்பிட்டார்.

இந்த முறை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கேள்வி முழுவதையும் நிதானமாகக் கேட்டுக்கொண்டு, வெளியே நிற்கும் குதிரைகளுக்குக்கூடக் கேட்கும்படி, "சம்மதம்" என்றாள்.